ஊருக்குப் போயிருக்காவ

அச்சு மாவ விட மாட்டேங்குது. சவம், நாலாவது தடவையா முக்கி எடுத்து எண்ணெய்க்குள்ள விட்டு ஆட்டிப் பாக்கேன், அச்சு முறுக்கு கழண்டு வரல, ஈர்க்குச்சிய வச்சு நெம்புனா ஒடஞ்சு துண்டு துண்டா மெதக்கு. மாவுல ஒரு கொறையும் கெடையாது, மாவு நான் கரைச்சது, இருவத்தாறு வருசமா நான்தான் கரைக்கேன், பச்சரிசி மாவு, தேங்காப்பாலு, முட்ட, சீனி, ஒரு கை எள்ளு, கண்ணக் கட்டிவிட்டாலும் தப்பாது. சுடுதது மட்டும் அவிய, எங்க வீட்டுக்காரவிய. அச்ச மொதல்ல எண்ணெய்க்குள்ள கெடத்திச் சூடேத்தணும், பொறவு மாவுல முக்காவாசிதான் முக்கணும், தல முங்கிட்டுன்னா கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிடும், அதுக்குப் பொறவு யாரு சொன்னாலும் எறங்காதும்பாவ. எனக்கு அந்த முக்காவாசி வரல. ஒண்ணு பாதில நிக்கி, இல்லேன்னா முங்கிப் போவுது. மணி பத்தே கால். இன்னைக்கி டிசம்பர் இருவத்தி நாலு. அடுக்களப் பின்வாசல் பெஞ்சில எட்வின் சார் மப்ளரத் தலையோட சேத்துச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. “ஜெயசிங் எங்கம்மா?”ங்காரு. “ஊருக்குப் போயிருக்காவ சார்”ங்கேன். காலையில இருந்து இதே கேள்வி, இதே பதிலு. எம்புருசன் செத்து நூறு நாளு ஆகப்போவுது.

பொய்யின்னும் சொல்ல முடியாது. ஊருலதான் இருக்காவ. தேரிக்காட்டு ஓரத்துல கல்லறத் தோட்டம், செம்மண்ணு, மாமனாரு பக்கத்துல எடம் கெடந்துது, கொடைக்கானல்ல இருந்து ஆம்புலன்ஸ்ல எறக்கி, விடிய விடிய ஓடி, அங்கன கொண்டு வச்சாச்சு. ஊருக்குப் போனவிய ஊருலயே இருக்காவ, இதுல என்ன பொய்யி. அக்டோபர்ல பாக்கியம் அக்கா, எட்வின் சாரோட வீட்டம்மா, வருசா வருசம் கிறிஸ்மஸ்க்கு எங்க ஹோம்ஸ்டேயில வந்து தங்குதவிய, பாளையங்கோட்டையில இருந்து போன் போட்டு, “எப்சி, வழக்கம் போல கீழ் ரூம எங்களுக்கு வச்சிரு, இருவத்தி மூணு வாரோம், ஜெயசிங் தம்பி எங்க, குடு, இவங்க பேசணும்ங்காங்க”ன்னப்ப, நான் பாட்டுக்குக் கீரைய ஆஞ்சுக்கிட்டே, “ஊருக்குப் போயிருக்காவ அக்கா”ன்னுட்டேன். யோசிச்சுச் சொல்லல. வாயில இருந்துச்சு, வந்துட்டு. அந்தச் சொல்லு அப்பிடி, எங்க பக்கத்துல கரண்டு பில்லு கட்டப் போனவனும் ஊருக்குப் போயிருக்கான், கண்ண மூடுனவனும் ஊருக்குப் போயிருக்கான். அக்கா, “சரி, வந்ததும் பேசச் சொல்லு”ன்னு வச்சிட்டாவ. அப்பவே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கீரைய ஆஞ்சு முடிச்சிட்டுச் சொல்லுவோம்னு நெனச்சேன், கீரைய ஆஞ்சேன், கழுவுனேன், கடைஞ்சேன், சொல்லல. மறுநா சொல்லுவோம்னு நெனச்சேன். நவம்பரும் போயிட்டு. நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் பெட்டியோட வாசல்ல வந்து நிக்காவ, நான் சிரிச்சுக்கிட்டு “வாங்க, வாங்க”ங்கேன், என் மூஞ்சி தானாச் சிரிக்கும், அதுக்கு நான் வேண்டாம்.

இந்த வருசம் வீட்டுல எண்ணெச்சட்டி ஏறக்கூடாது. மைனி, அவியளோட அக்கா, மண்ணு போட்டுட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ, “எப்சி, கிறிஸ்மஸ்ன்னு அடுப்புல எண்ணெச்சட்டிய வச்சிராத, ஸ்டார் கட்டிராத, நாங்க சுட்டுக் குடுத்து விடுவோம், துக்க வீட்டுக்காரி சுடப்படாது” அப்பிடின்னு. சரி மைனின்னேன். நாலு ரூமுக்கும் ஆளு வந்தாச்சே மைனி, விருந்தாளிக்கு ஏது துக்கம்? கிறிஸ்மஸ்க்கு மலைக்கு வாரவன் துக்க வீட்டுலயா வந்து தங்குவான்? மேல மூணு ரூமும் கோயம்புத்தூர்க்காரங்க, ஒரே குடும்பம், அவங்க புக் பண்ணும்போதே “ஆன்ட்டி, ஸ்டார் இருக்கும்ல, குடில் இருக்கும்ல, பலகாரம் எல்லாம் நீங்களே செய்வீங்கள்ல?”ன்னு கேட்டுத்தான் புக் பண்ணுனாங்க. ஸ்டார நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டுனேன். அவிய படத்த, மால போட்டிருந்தத, சாப்பாட்டு ரூமுச் செவத்துல இருந்து எறக்கி பீரோவுக்குள்ள சேலைக்கு அடியில வச்சேன், தோசைய வாயில வைக்கும்போது செத்தவன் மொகம் எதுக்கு அவங்களுக்குன்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். ஆனா உள்ளத உள்ளபடி சொல்லணும்னா, கோயம்புத்தூர்க்காரங்களுக்காக இல்ல. பாக்கியம் அக்காவுக்காக. அக்கா எங்க பக்கத்து ஆளு, நெத்தியில எழுதி ஒட்டவே வேண்டாம், இருவத்தி நாலாந்தேதி ஒரு கிறிஸ்தவ வீட்டுல எண்ணெ மணம் வரலேன்னா, யாரு போனதுன்னு நேராக் கேட்டுப்புடுவாவ. அதுக்குப் பயந்து தேங்காயெண்ணெயக் கட்டியா டப்பாவுல இருந்து தோண்டி எடுத்துச் சட்டியில போட்டேன், இந்தக் குளிருக்கு அது கல்லா ஒறஞ்சு கெடக்கு, கரண்டி வளைஞ்சு போச்சு. துக்கத்த மறைக்க எண்ணெச்சட்டி வச்ச மொத ஆளு நானாத்தான் இருக்கும்.

வலிக்கணும்ல. எண்ணெ தெறிச்சு மணிக்கட்டுல விழுந்துட்டு, இப்பத்தான், செவந்து குமிழியாட்டம் வருது, நான் அதப் பாத்துக்கிட்டு நிக்கேன், வேற யாருக்கோ பட்ட மாதிரி. பல்லு புடுங்குன அன்னைக்கி ஊசி போட்ட கன்னம் இருக்கும்லா, தொட்டா இருக்கு, ஆனா நம்மளது இல்ல, அப்பிடி இருக்கேன் மொத்தமும். அழவும் இல்ல. ஊர்ல எல்லாம் பாத்தாங்க, கல்லு மாதிரி நிக்காளேன்னு மைனியே பக்கத்து வீட்டுக்காரிட்ட சொன்னது காதுல விழுந்துது. மகன் மஸ்கட்ல இருந்து வந்தான், பதினஞ்சு நாளு இருந்தான், “அம்மா ரொம்ப தைரியம்”னு சொல்லிட்டுப் போனான். தைரியமாம். பத்தாம் நாளே ரூமத் தெறந்துட்டேன், ஆளு வந்துச்சு, ஆப்பம் சுட்டேன், தேங்காப்பாலு புழிஞ்சேன், சின்னப் புள்ளையளுக்கு பான்கேக்கு கேட்டாங்க, அதயும் சுட்டேன், போகும்போது போன்ல என்னமோ எழுதிட்டுப் போனாங்க, ‘ஹோம்லி ஃபுட், ஆன்ட்டி எப்பவும் சிரிச்ச மொகம்’னு. வெளங்கும். செத்துட்டாவங்குத சொல்ல நான் இன்னும் ஒரு தடவ கூட வாயால சொல்லல, அதுதான் சங்கதி. டாக்டர் தலைய ஆட்டுனாரு. மைனி நெஞ்சுல அடிச்சுக்கிட்டுச் சொன்னாவ. சபை ஐயர் கோயில்ல ‘நித்திரையடைந்தார்’னு வாசிச்சாரு. பேப்பர்க்காரன் ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’னு போட்டான். போன்ல சொந்தக்காரங்களுக்கெல்லாம் மகன் சொன்னான். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரல, எல்லாரும் எனக்கு முந்திச் சொல்லிட்டாங்க. இப்ப பயம் என்னன்னா, போன வாரம் வெந்நீரு போட்டு, துண்ட எடுத்துக் குளிமுறி ஆணியில மாட்டிட்டு, யாருக்கு மாட்டுனேன்னு நின்னேன். ஊருக்குப் போயிருக்காவன்னு நூறு தடவ சொன்னா நானே நம்பிருவேனோ. நம்பிட்டேன்னா கேட்டுல வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எட்டிப் பாப்பேனே. எட்டிப் பாக்கத்தானே செய்யுதேன்.

“ஜெயசிங் எங்கம்மா?” “ஊருக்குப் போயிருக்காவ சார்.” “ஊருக்கா? நாளைக்கிக் கிறிஸ்மஸ் பண்டியல வச்சிக்கிட்டு? எந்த வண்டியில வாரான்?” முப்பத்தாறு வருசம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்த மனுசன், எல்லாம் மறந்தாலும் வண்டி மறக்காது. விரல மடக்கிக்கிட்டே சொல்லுதாரு, திருநெல்வேலியில ராத்திரி ஏறுனா கொடை ரோட்டுக்கு விடியக்காலம், அங்கன இருந்து பஸ்ஸு மூணு மணி நேரம், வத்தலக்குண்டுல காப்பி குடிக்க நிப்பாட்டுவான், ஆக இந்நேரம் வந்திருக்கணுமே, “வண்டி லேட்டாத்தான் இருக்கும், எங்கனயாவது கிராசிங்ல போட்டிருப்பான்.” “ஆமா சார், லேட்டுதான்.” நேத்து ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் அக்கா என்னைய அடுக்களைக்குள்ள தள்ளிக்கிட்டு வந்து காதுக்குள்ள சொன்னாவ, “எப்சி, இவங்களுக்கு மறதி வந்துட்டு. ஒண்ணு சொன்னா பத்து நிமிசம் நிக்காது. பேரப்புள்ள பேரே மறந்துட்டு. ஆனா ஒம்மாப்பிள்ளைய மட்டும் மறக்கல பாத்துக்க, நவம்பர்ல இருந்து ஒத்தக் கால்ல நிக்காங்க, ஜெயசிங்கப் பாக்கணும், ஜெயசிங் கூட முறுக்குச் சுடணும்னு. அடுத்த கிறிஸ்மஸ்க்கு அதுவும் இருக்குமோ இருக்காதோ, அதான் கூட்டிட்டு வந்தேன். தம்பி எப்ப வரும்?” அவ்வளவையும் சொல்லிட்டு எம்மூஞ்சியப் பாக்காவ. நான் என்ன செய்ய? “வந்துருவாவ அக்கா”ன்னுட்டேன். ஊருக்குப் போயிருக்காவன்னதுல பொய்யி இல்ல. வந்துருவாவன்னது பொய்யி. அதுதான் முழுப் பொய்யி, அத எங்கன கொண்டு கழுவ.

அக்கா கோயில்ல பூ அலங்காரம் பண்ணப் போயிருக்காவ, பன்னெண்டுக்கு வந்துருவாவ. கோயம்புத்தூர்க்காரங்க ஏரிக்குப் போயிட்டாங்க. மத்தியானத்துக்குக் கறி ஊறிக்கிட்டு இருக்கு, வெங்காயம் உரிக்கணும், அரிசி களையணும். சாயங்காலம் ஆனா இந்த மனுசன் கோட்ட மாட்டிக்கிட்டு கேட்டுக்குப் போயி நிப்பாரு, பதினோரு வருசமா ராத்திரி ஆராதனைக்கு இவரும் அவியளும் டார்ச்சு லைட்டோட முன்னால நடப்பாங்க, நானும் அக்காவும் பின்னால. அந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் நிப்பாரு? இவருக்கு மறந்து போகும், திரும்ப ஞாபகம் வரும், திரும்ப நிப்பாரு. அக்காட்ட சொன்னா அக்கா அந்த நிமிசமே பெட்டியக் கட்டிருவாவ, எம்மேல கோவத்துல இல்ல, துக்க வீட்டுல என்னைய ஆக்கிப் போட வச்சிட்டமேன்னு. அப்பிடி இவரக் கூட்டிட்டுப் போயிட்டா, பாக்கணும்னு நின்ன ஆசையும் போச்சு. சொல்லலேன்னா இருவத்தேழாந்தேதி வரைக்கும் நான் இதச் சொல்லிக்கிட்டே இருக்கணும், அதுக்கு மேலயும் சொல்லுவேன், பாலுக்காரன்ட்ட, தபால்காரன்ட்ட, அந்தத் துண்டுகிட்ட. சட்டியில எண்ணெ பொகையுது. அடுப்பக் கொறைச்சேன். அச்சத் தொடச்சேன். கடுகு வெடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அர நிமிசம். எண்ணெ சூடா இருந்தா கா நிமிசம். அத நான் பாத்துட்டேன், இந்த மூணு மாசத்துல எத்தன தடவ தாளிச்சிருப்பேன், ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள எண்ணுதேன், பதினேழு, பதினெட்டு, அதுக்குள்ள வெடிச்சு அடங்கிருது. அன்னைக்கி அவிய கேஸ் சிலிண்டரத் தோள்ல வச்சு ரோட்டுல இருந்து நாப்பது படி ஏறி வந்து, இதே பெஞ்சில உக்காந்து, “எப்சி, தண்ணி”ன்னாவ. தாளிச்சுக்கிட்டு இருந்தேன். “வாரேன், கெடந்து பறக்காதீங்க”ன்னேன். கடுகு வெடிக்கட்டும்னு நின்னேன், வெடிச்சுது, கறிவேப்பிலையப் போட்டேன், சட்னியில கொட்டுனேன், அப்பிடித்தான் செம்ப எடுத்தேன். இதயும் யாருக்கும் சொல்லல.

அச்ச எண்ணெயில கெடத்தி மனசுக்குள்ள இருவது எண்ணுனேன். தூக்கி, சொட்டு வடியவிட்டு, மாவுல எறக்குனேன், சுர்ருங்குது, நிப்பாட்டு, அவ்வளவுதான், தல முங்கப்படாது, அப்பிடியே எண்ணெய்க்குக் கொண்டு வந்து ஒரு உதறு. கழண்டுட்டு. முழுசா, எட்டு இதழோட, சட்டி நடுவுல சுத்திக்கிட்டு வருது. எட்வின் சார் எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்து, கையத் தட்டுனாரு, “ஆங், இதான் முறுக்கு! ஜெயசிங் கையேதான்! அவன் எங்க, கூப்புடு, பாக்கட்டும்.” ஊருக்குப் போயிருக்காவன்னு சொல்ல வாயத் தெறந்தேன். வரல. முறுக்கு செவந்து போவுது, எடுக்கணும், கரண்டிய எங்க வச்சேன்னு தெரியல. “அவிய செத்துப் போனாவ சார்.” யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. நாந்தான். என் கொரலு நல்லாத்தான் இருக்கு, நடுங்கவே இல்ல, உப்பு சரியா இருக்குன்னு சொல்லுத கொரலு. சார் எம்மூஞ்சிய உத்துப் பாத்தாரு. “யாரு?” “ஜெயசிங், சார். செப்டம்பர்ல.” அப்பிடியே பெஞ்சில போயி உக்காந்துட்டாரு. வாயி கோணிக்கிட்டுப் போச்சு, எழுவத்தெட்டு வயசு மனுசன், சின்னப் புள்ள மாதிரி கேவிக் கேவி அழுதாரு, மப்ளர வாயில திணிச்சுக்கிட்டு. “எப்பிடிம்மா? எப்பிடி? நல்லாத்தானே இருந்தான்? என்னைய ஏன் கூப்பிடல?” இந்தக் கேள்விய ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல, எல்லாருக்கும் எல்லாம் முன்னாலயே தெரிஞ்சிருந்துச்சு. நான் அடுப்ப அணைச்சிட்டு அவருக்கு முன்னால தரையில உக்காந்து சொன்னேன். சிலிண்டரச் சொன்னேன். படியச் சொன்னேன். தண்ணி கேட்டதச் சொன்னேன், கடுகச் சொன்னேன், “நான் ஒடனே குடுக்கல சார், செம்பக் கொண்டு போறதுக்குள்ள தல சாஞ்சிட்டு, வாயில ஊத்துனேன், வெளிய வந்துட்டு”ன்னு சொன்னேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு, “அவன் தண்ணி குடிக்காமலே போயிட்டானேம்மா, போயிட்டானே”ன்னு அழுதாரு. பொய்யா ஆறுதல் சொல்லல. கடுகு வெடிக்காட்டாலும் போயிருப்பான்னு சொல்லல. அழுதாரு, அவ்வளவுதான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவியளுக்காக ஒருத்தர் ஒழுங்கா அழுதாச்சுன்னு நெனச்சேன். எனக்கு வரல. மணிக்கட்டுக் குமிழி மட்டும் லேசா எரியுத மாதிரி இருந்துச்சு.

வெளிய மஞ்சு எறங்கி கொடுக்காப்புளி மரம் தெரியல, அது கொடுக்காப்புளியும் இல்ல, அவிய வச்ச பேரு, என்ன மரமோ. சாரோட அழுக மெல்ல மெல்லக் கொறைஞ்சுது, விக்கலு மாதிரி ஒண்ணு ரெண்டு, பொறவு அதுவும் நின்னுட்டு. பெஞ்சு மேல தட்டுல ஒடஞ்ச முறுக்குத் துண்டு கெடந்துது, ஒண்ண எடுத்து வாயில போட்டு மென்னாரு. “நல்லா இருக்கே”ன்னாரு. கன்னத்தத் தடவிப் பாத்தாரு, வெரல்ல ஈரம், அத என்னமோ அதிசயம் மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்காரு. “எம்மா, நான் அழுதனா?” “ஆமா சார்.” “எதுக்கு? யாரும் எறந்துட்டாங்களா?” ஒரு தடவ சொன்னத இன்னொரு தடவ சொல்ல முடியாதா? “ஆமா சார். எங்க வீட்டுக்காரவிய எறந்துட்டாவ.” “ஐயோ”ன்னாரு. “ஐயோ, எம்மா.” என் தலையில கைய வச்சாரு, கை குளுந்து போயிருக்கு, எண்ணெப் பிசுக்கு. “சின்ன வயசுதானே ஒனக்கு. அழுதியா?” “இல்ல சார்.” “அழணும்மா. உள்ளுக்குள்ள வச்சிக்கிடப்படாது.” பொறவு குனிஞ்சு, ரகசியம் சொல்லுத மாதிரி, ரொம்ப நம்பிக்கையாச் சொன்னாரு, “நீ ஒண்ணுக்கும் பயப்படாத. ஜெயசிங் வந்துருவான். வண்டிதான் லேட்டு. அவன்ட்ட சொல்லு, அவன் எல்லாத்தையும் பாத்துக்கிடுவான். தங்கமான பய. அவன் இருக்கும்போது ஒனக்கு என்ன கொற?”

சரி சார்னு சொல்ல வந்தேன். வாய் தெறந்துச்சு, சத்தம் வேற மாதிரி வந்துச்சு, மாடு கத்துத மாதிரி, எனக்கே அது நாந்தான்னு தெரியல, நெஞ்சு வலிக்கி, கை எரியுது, எல்லாம் ஒண்ணா வலிக்கி, தரையிலயே சரிஞ்சு அவரு முழங்கால்ல மூஞ்சிய வச்சுக்கிட்டேன், அத்தான், அத்தான்னு கத்துதேன், நிப்பாட்ட முடியல. அவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒரு கையால என் முதுகத் தட்டிக்கிட்டே, பின்வாசலப் பாத்து, மஞ்சுக்குள்ள, கொரல ஒசத்திக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, “ஜெயசிங்! ஏ ஜெயசிங்! எங்கப்பா இருக்க? சீக்கிரம் வா, இந்தப் புள்ள அழுவுது பாரு!”